ஒரு விரல் நீளக் குழாய்

"ஆபத்துக்குப் பாவமில்லை" என்பது நம் முன்னோர் வாக்கு. வெள்ளம் வரும்போது கையில் அகப்பட்டதைக் கொண்டு அணை கட்டுவதில் தவறில்லை. ஆனால், வெள்ளம் வடிந்த பின்னும் அந்த வாழைமட்டை அணையையே நம்பி வாழ்வோமாயின், அது பாவமோ அல்லவோ, பேதைமை என்பதில் ஐயமில்லை. நம் வீடுகளிலே எத்தனை பொருள்கள் இவ்வாறு "இப்போதைக்கு" என்று கட்டப்பட்டு ஆண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கின்றன! ஆடும் கதிரைக் காலுக்கு ஒரு கயிறு. ஒழுகும் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு துணிச் சுற்று. தளர்ந்த மின்கம்பிக்கு ஓர் ஒட்டுநாடா. இவற்றிலே சில நமக்குத் தொல்லையை மட்டும் தரும். சில உயிரையே கேட்கும். பெற்றோல் குழாய் இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது என்பதை நாம் வஹகோட்டையிலே ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொண்டோம்.

வஹகோட்டை மாத்தளை மாவட்டத்திலே கலேவெலைக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூர். ஊர் சிறிதாயினும் அதன் வரலாறு நெடிது. கொழும்பு 1656ஆம் ஆண்டிலும் யாழ்ப்பாணம் 1658ஆம் ஆண்டிலும் ஒல்லாந்தர் கைக்கு மாறின. கரையோரத்தில் கத்தோலிக்க சமயத்துக்கு இடமில்லாமற் போன அக்காலத்தில், கண்டி இராச்சியத்திலே புகலிடம் பெற்றுக் குடியேறிய போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் என்று இவ்வூரவர் பலர் தம்மைக் கூறிக்கொள்வர். சுற்றிலும் பௌத்தக் கிராமங்கள் சூழ்ந்திருக்க, நடுவே ஒரு பழைய கத்தோலிக்க ஊர். அதன் நெஞ்சிலே புனித அந்தோனியார் ஆலயம். லிஸ்பனிலே பிறந்து, 1231ஆம் ஆண்டு பாதுவை நகருக்கு அருகே மறைந்த அந்தத் துறவியை, காணாமற்போன பொருள்களைக் கண்டெடுத்துத் தருபவர் என்று மக்கள் நம்புவர். இந்துக்களாகிய நாமும் அங்கு செல்வதில் யாருக்கும் வியப்பில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு எல்லாச் சமயத்தவரும் வருவது போல, அந்தோனியாரிடம் மெழுகுதிரி ஏற்றவும் எல்லாரும் வருவர்.

2023ஆம் ஆண்டு ஒரு விடுமுறை நாளில், நாமும் மனைவியாரும் பிள்ளைகள் இருவரும் நண்பர் ஒருவருடைய மொறிஸ் மைனர் காரிலே அங்கு சென்றோம். அந்தக் காரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1948ஆம் ஆண்டு இங்கிலாந்திலே வெளிவந்து, பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதற் பிரித்தானிய கார் என்று பெயர் பெற்றது அது. அலெக் இஸிகொனிஸ் என்பவர் வடிவமைத்தார். இலங்கையிலே ஆசிரியரும் எழுதுவினைஞரும் வைத்தியரும் அதனைக் குடும்பத்தில் ஒருவர் போலவே பேணினர். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 வரை அத்தடை நீடித்தமையால், பழைய வண்டிகளுக்கு மறுபடியும் மதிப்பு ஏறியது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த வாகனங்களுக்கு எரிபொருள் வழங்குவதே நிறுத்தப்பட்டது அல்லவா? அந்நாட்களில் நண்பரின் காரும் மாதக்கணக்கில் கொட்டகையிலே உறங்கிற்று. பெற்றோல் ஓடாமல் காய்ந்து கிடக்கும் றப்பர் குழாய், ஓடிக்கொண்டிருக்கும் குழாயைக் காட்டிலும் விரைவில் விறைத்து வெடிக்கும் என்பதை நண்பரும் அறியார், நாமும் அறியோம்.

ஆலயத்தைத் தரிசித்துத் திரும்பும்போது மணி ஐந்தைக் கடந்திருந்தது. எங்கள் காருக்குச் சில பாக தூரத்தில், ஒரு குடும்பத்தார் மெழுகுதிரிகளைக் கொளுத்தி வரிசையாக நட்டுக்கொண்டிருந்தனர். எம் மகளின் கையில் மிஞ்சிய மெழுகுதிரிப் பொதியும் ஒரு தீப்பெட்டியும் இருந்தன. நண்பர் சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்பு வழக்கம்போல 'டிக் டிக்' என்று ஒலித்தது. பத்துப் பன்னிரண்டு முறை ஒலித்து ஓயவேண்டிய அந்த ஒலி அன்று ஓயவில்லை.

"அப்பா, பெற்றோல் மணக்கிறது" என்றாள் மகள்.

"பழைய கார் அப்படித்தான், பிள்ளை" என்றார் நண்பர்.

ஆனால் அவர் முகம் மாறிற்று. சாவியைத் திருப்பி மூடிவிட்டு, இறங்கி முன்மூடியைத் திறந்தார். பம்பிலிருந்து காபரேட்டருக்குச் செல்லும் றப்பர் குழாயின் நடுப்பகுதியிலே ஒரு கீறல். அதிலிருந்து பெற்றோல் சொட்டுச் சொட்டாக, புகைபோக்கிக் குழாயின் பக்கமாக விழுந்து கொண்டிருந்தது. வரும் வழியெல்லாம் சுட்டுக் காய்ந்திருந்த இரும்பு அது. அரை மணி நேரம் நின்றதால் ஆறியிருந்தது. அந்த அரை மணி நேரந்தான் எம்மைக் காத்தது.

மனைவியார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, காற்று வரும் திசையை நோக்கி வெகுதூரம் சென்றார். தீப்பெட்டியை மகளின் கையிலிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். நாமும் நண்பரும் வேறு இருவரும் காரைத் தள்ளி, மெழுகுதிரிகளுக்கு எட்டாத வெளியிலே நிறுத்தினோம். எஞ்சினை இயக்கி நகர்த்தலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று தலையசைத்தோம். தள்ளுவதற்கு நான்கு கைகள் இருக்கும்போது ஒரு தீப்பொறி எதற்கு?

இங்கே மாணவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பெற்றோல் எரிவதில்லை; அதன் ஆவியே எரிகிறது. அந்த ஆவி உண்டாவதற்கு வெப்பமும் வேண்டியதில்லை. பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை குளிரிலும் பெற்றோல் தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடும். டீசலோ ஐம்பது பாகைக்கு மேல் சூடேறினாலன்றி அவ்வாறு செய்வதில்லை. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆதலால் மேலே எழுந்து கலைந்து போகாமல், தரையோடு தவழ்ந்து, பள்ளத்திலே தேங்கி, எங்கோ எரியும் விளக்கைத் தேடிச் செல்லும். காற்றிலே நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு கலந்திருந்தாலே போதும், அது பற்றிக்கொள்ளும். "தீ தூரத்தில்தானே இருக்கிறது?" என்று கேட்பவர்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். தீ வராது, ஆவி அதனிடம் போகும்.

காரைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் கூடிவிட்டது. நம் நாட்டிலே வாகனம் ஒன்று நின்றுவிட்டால் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. சிகரட்டோடு எட்டிப் பார்க்க வந்த ஓர் இளைஞரை ஊரார் அதட்டி விலக்கினர். மற்றவர்கள் கூறிய உபாயங்கள் நான்கு. அவை நான்கும் நாம் நாள்தோறும் கேட்பவையே. ஆதலால் ஒவ்வொன்றையும் இங்கே ஆராய்வது பயனுடைத்து.

முதலாவது, சைக்கிள் ரியூபைக் கீறிச் சுற்றிக் கட்டுவது. தண்ணீர்க் குழாய்க்கு இது அருமையான வைத்தியம். பெற்றோலுக்கோ இது பொருந்தாது. 1876ஆம் ஆண்டு கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்திலே றப்பர் கன்றுகள் நடப்பட்டன. அன்று தொட்டு இலங்கை றப்பர் நாடு. அந்த மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை றப்பருக்கு எத்தனையோ நற்குணங்கள் உண்டாயினும், பெற்றோல் மட்டும் அதற்குப் பகை. இரண்டும் ஐதரோகாபன் என்னும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஆதலால் பெற்றோல் றப்பருக்குள் புகுந்து, அதனை ஊதிப் பருக்கச் செய்து, களிபோல் ஆக்கிவிடும். ரியூப் செய்யப் பயன்படும் பியூட்டைல் றப்பரின் கதியும் அதுவே. பெற்றோலைத் தாங்கும் றப்பரை 1930களில் ஜேர்மன் இரசாயன அறிஞர்கள் செயற்கையாக உண்டாக்கினர். நைற்றைல் றப்பர் எனப்படும் அதுவே இன்றும் பெற்றோல் குழாய்களுக்கு அடிப்படை.

இரண்டாவது, மின்சாரக்காரர் பயன்படுத்தும் ஒட்டுநாடா. நாடாவிலுள்ள பசையைப் பெற்றோல் கரைத்துவிடும். சுற்றும்போதே வழுக்கிக்கொண்டு போகும்.

மூன்றாவது, ஒரு மூதாட்டியார் வீட்டிலிருந்து கொண்டுவந்த துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டி. கேட்டதும் நகைக்கத் தோன்றும். ஆனால் நான்கு உபாயங்களிலும் இதிலேதான் சிறிது விஞ்ஞானம் இருக்கிறது. சவர்க்காரம் நீரிலே கரையும், பெற்றோலிலே எளிதிற் கரையாது. பெற்றோல் தாங்கியிலே சிறு துளை விழுந்தால் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்து அடைத்துவிட்டு, பக்கத்து ஊர் வரை ஓட்டிச் செல்வது பழைய சாரதிகள் பலரும் கையாண்ட வழி. ஆயினும், வளைந்து அதிரும் றப்பர் குழாயின் கீறலிலே அது நிலைக்காது.

நான்காவது, தச்சர்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் குழாயை மாட்டுவது. முதல் நாள் அது அழகாகவே இருக்கும். உள்ளே பெற்றோல் ஓடுவதும் தெரியும். சில நாட்களில் மஞ்சள் நிறமாகி, குச்சிபோல விறைத்து, எஞ்சின் சூட்டிலே வழுவிவிடும்.

இவ்வளவும் எமக்கு அப்போதே தெரிந்திருந்தது என்று வாசகர்கள் எண்ண வேண்டா. பலவற்றை அன்று எமக்குக் கற்பித்தவர், நீர்ப்பம்பிகளும் கையுழவு இயந்திரங்களும் திருத்தும் ஓர் ஊர்ப் பெரியவர். யாரோ சைக்கிளில் சென்று அவரை அழைத்து வந்தனர். அவரை அனைவரும் 'பாஸ்' என்றே அழைத்தனர். நாமும் அவ்வாறே அழைத்தோம்.

பாஸ் வந்ததும் குழாயைத் தொடவில்லை. முதலில் காற்று வீசும் திசையைப் பார்த்தார். சொட்டிய இடத்திலே மணலை அள்ளிப் போடச் சொன்னார். முன்மூடியைத் திறந்தபடி கால் மணி நேரம் விட்டு, மணம் கலைந்த பின்னரே பற்றரியின் பூமி இணைப்பைக் கழற்றினார். மணம் இருக்கும்போது கழற்றினால், கழற்றும் இடத்திலேயே பொறி பறக்கலாம் என்றார். அதன் பின் கீறலைப் பார்த்து, சிங்களத்திலே ஒரு கேள்வி கேட்டார்.

"சேர், குழாய் முழுவதும் ஒரே வயதுதானே? மற்ற இடங்களில் வெடிக்காமல் இது ஏன் இந்த இடத்தில் வெடித்தது?"

எமக்கு விடை தெரியவில்லை. கல்லூரியிலே நாம் மாணவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி அது. பாஸ் விரலால் காட்டினார். குழாயைத் தாங்கிப் பிடிக்கும் சிறு கவ்வி எப்போதோ கழன்று விழுந்திருந்தது. பிடிப்பில்லாத குழாய், பக்கத்திலிருந்த ஒரு தகட்டின் விளிம்பிலே ஓயாமல் உரசியிருந்தது. எஞ்சினின் ஒவ்வோர் அதிர்வும் ஓர் அரம் போல அதனைத் தேய்த்திருந்தது.

பின்னர் வேலை தொடங்கிற்று. குழாயைக் கழற்றி, உள்ளே எஞ்சியதை ஒரு தகரத்தில் வடித்தார். தேய்ந்த பகுதியைக் கூரிய கத்தியால் நேராக நறுக்கி எடுத்தார். கமக்காரர் கிருமிநாசினி தெளிக்கும் பழைய கருவியொன்றின் பித்தளைக் குழாயிலிருந்து, ஒரு விரல் நீளத்துண்டை வெட்டினார். அதன் முனைகளை அரத்தால் உருட்டித் தேய்த்து, பொடி ஒன்றும் தங்காதபடி கழுவி ஊதினார். ஒரு சிறு பித்தளைப் பொடி போதும், காபரேட்டரின் நுண்துளை அடைபட. அத்துண்டு றப்பர் குழாய்க்குள்ளே இறுக்கமாகச் செல்லும் அளவினது. இரு பக்கமும் ஓர் அங்குல அளவு உள்ளே நுழைத்து, பக்கத்துக்கு ஒரு கிளிப் பூட்டினார். கிளிப்பையும் வெறிகொண்டு முறுக்கவில்லை. "மிகவும் இறுக்கினால் கிளிப்பே றப்பரை வெட்டிவிடும்" என்றார். இறுதியாக, குழாய் அந்தத் தகட்டின் அருகே போகாதபடி விலக்கிக் கட்டினார். கீறலை அடைத்ததைக் காட்டிலும் இந்த விலக்கிக் கட்டியதே பெரிய வேலை என்று இன்று எமக்குத் தோன்றுகிறது.

பூமி இணைப்பைப் பூட்டியதும் எஞ்சினை இயக்கவில்லை. சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். பம்பு 'டிக் டிக்' என்று ஒலித்து, எட்டாம் முறையோடு ஓய்ந்தது. இணைப்பின் கீழே ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் காத்திருந்தார். கடதாசி நனையவில்லை. அதன் பின்னரே எஞ்சின் இயங்கிற்று. மறுபடியும் கடதாசிச் சோதனை. ஓயாத ஒலி ஒழுக்கைக் காட்டிற்று. ஓய்ந்த ஒலி அடைப்பு நன்று எனக் காட்டிற்று. பழைய கார்களிலே நோயும் குணமும் காதுக்கே கேட்கும்!

இருட்டிக்கொண்டு வந்தது. நண்பருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இனியென்ன, எல்லாரும் ஏறுங்கள், இரவுக்குள் மாத்தளைக்குப் போய்விடலாம்" என்றார்.

பாஸ் காரின் முன்மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "மாத்தயா, இது கலேவெல வரைக்கும் மட்டுந்தான். வீட்டுக்கு அல்ல. நடுவே இரண்டு இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் இதில் ஏறக் கூடாது" என்றார்.

நண்பர் எம்மைப் பார்த்தார். எம் நிலையை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம், அன்போடு அழைத்து வந்த நண்பரின் மனம். மறு பக்கம், களைத்துப்போன பிள்ளைகள். பேருந்துக்காக இருளிலே காத்திருக்க வேண்டிய தொல்லை. கண்ணெதிரே காகிதம் நனையாமலே இருந்தது. பேசாமல் ஏறிவிடுவதே எளிது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏறித்தான் இருப்பர். அவர்களில் பெரும்பாலோர் நலமாகவும் வீடு சேர்ந்திருப்பர். ஆனால் "பெரும்பாலும்" என்னும் சொல்லிலே பிள்ளைகளை ஏற்றி அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வருவதில்லை. மனைவியார் எம்முடைய விடைக்குக் காத்திராமல், "நாங்கள் பஸ்ஸில் போகிறோம்" என்று கூறிவிட்டார். எமக்கிருந்த தயக்கம் அந்த ஒரு வாக்கியத்தால் தீர்ந்தது. அவர்கள் மாத்தளைக்குச் செல்லும் பேருந்தில் ஏறும்வரை காத்திருந்து, நாமும் நண்பரும் மட்டும் மெதுவாகக் கலேவெலைக்குச் சென்று, ஒரு கராஜிலே காரை விட்டுவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் கராஜிலே அந்த றப்பர் குழாயைக் கழற்றி வளைத்துப் பார்த்தபோது, பித்தளைத் துண்டு இருந்த இடம் உறுதியாகவே இருந்தது. ஆனால் காபரேட்டர் முனையிலே, கிளிப்புக்கு அடியில், இன்னொரு கீறல் வாய் திறக்கத் தொடங்கியிருந்தது. ஓரிடத்தைத் தைத்தால் பழந்துணி வேறிடத்தில் கிழியும் என்பது வீட்டிலே எல்லாரும் அறிந்ததுதானே!

இத்தகைய சிறு யுக்திகள் கார் பிறந்த நாள் தொட்டே அதனோடு வருகின்றன. 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஜேர்மனியிலே பேர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் உண்டாக்கிய மோட்டார் வண்டியைத் தம் புதல்வர் இருவருடன் மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் ஓட்டிச் சென்றார். மோட்டார் வண்டியின் முதல் நெடும் பிரயாணம் அதுவே. வழியிலே எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. அம்மையார் தம் தொப்பி ஊசியை எடுத்துக் குத்தி அதனைத் திறந்தார். மின்கம்பியின் காப்பு தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லொக் என்னும் ஊரில் ஒரு மருந்துக் கடையிலே வாங்கி ஊற்றினார். ஆனால், வீடு திரும்பிய பின் அக்குறைகளை அவர் மறைக்கவில்லை. வண்டியில் எதை எதைத் திருத்த வேண்டும் என்பதைக் கணவருக்கு எடுத்துரைத்தார். தொப்பி ஊசி அவசரத்துக்கு, திருத்தம் நிரந்தரத்துக்கு.

குழாயைப் பற்றிய கவனக் குறைவு எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு மற்றொரு வரலாறு உண்டு. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் திகதி, கனடாவின் ரொறன்ரோவிலிருந்து லிஸ்பன் நகருக்கு 306 பேருடன் பறந்த எயர் டிரான்சாற் விமானம் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே எரிபொருள் முழுவதையும் இழந்தது. வலப்பக்க எஞ்சினை மாற்றியபோது பொருந்தாத ஓர் உறுப்பு பூட்டப்பட்டிருந்தது. அதனால் எரிபொருள் குழாயும் பக்கத்து ஹைட்ரோலிக் குழாயும் ஒன்றோடொன்று உரசி, எரிபொருள் குழாய் வெடித்தது. விமானிகளோ, ஒரு பக்கத் தாங்கி குறைகிறதே என்று மறுபக்கத்து எரிபொருளையும் அப்பக்கம் திருப்பிவிட்டனர். நல்ல எரிபொருளும் அதே ஓட்டை வழியாகக் கடலிலே கொட்டிற்று. இரு எஞ்சின்களும் நின்ற பின், விமானம் பத்தொன்பது நிமிட நேரம் காற்றிலே மிதந்து, போர்த்துக்கலுக்குரிய அசோரஸ் தீவில் இறங்கியது. அனைவரும் உயிர் பிழைத்தனர். வஹகோட்டைப் பாஸ் கேட்ட கேள்வியை, "ஏன் இந்த இடத்தில்?" என்ற அந்தக் கேள்வியை, உரிய வேளையில் ஒருவர் கேட்டிருந்தால் அவ்விபத்தே நேர்ந்திராது.

இதைப் படிக்கும் இளைஞர்கள் சிலர், தம் வாகனத்திலும் இவ்வாறே செய்து பார்க்க எண்ணக் கூடும். அவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்.

மேற்சொன்ன முறை, காபரேட்டர் உள்ள பழைய வாகனங்களுக்கும், தாங்கியிலிருந்து எரிபொருள் தானாக இறங்கி வரும் பழைய மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி ஆகியவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். அவற்றிலே குழாயின் அழுத்தம் மிகச் சிறிது. இக்காலத்துப் பெற்றோல் கார்களிலே எரிபொருள் உட்செலுத்தும் முறை இருப்பதால், குழாயில் சதுர அங்குலத்துக்கு நாற்பது முதல் அறுபது இறாத்தல் வரை அழுத்தம் இருக்கும். எஞ்சினை நிறுத்திய பின்னும் அது எளிதில் நீங்காது. அங்கே பித்தளைத் துண்டும் கிளிப்பும் பூட்டினால், ஒழுக்கு தெறிப்பாக மாறும். புதிய டீசல் எஞ்சின்களின் உயரழுத்தக் குழாய்களோ இதனினும் பன்மடங்கு கொடியவை. அவற்றின் ஒழுக்கை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் ஊசி குத்தியது போலத்தான் இருக்கும். ஆனால் உடனே சத்திரசிகிச்சை செய்யாவிடில் விரலையே இழக்க நேரிடும். இவ்வகை வாகனங்களுக்கு உரிய ஒரே வீட்டு வைத்தியம், அவற்றை ஓட்டாமல் இருப்பதே.

பெற்றோல் மணக்கும்போது எஞ்சினை நிறுத்துக, ஆட்களை இறக்குக, தீயையும் கைத்தொலைபேசியையும் அப்பால் வைக்குக. மூடிய கொட்டகையிலே ஒருபோதும் இவ்வேலையைத் தொடங்காதீர்கள். தாங்கியிலிருந்து பெற்றோலை வாயால் உறிஞ்சி எடுப்பது 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே பலரும் செய்த காரியம். அது நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. ஒருவர் விழுங்கிவிட்டாலும் அவரை வாந்தியெடுக்கச் செய்யாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பெற்றோல் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீரின் மேல் பெற்றோல் மிதந்து தீயைப் பரப்பும். மணலும் உலர்தூள் தீயணைப்புக் கருவியுமே உதவும்.

புதிய குழாய் வாங்கும்போது, அதன் மேல் அச்சிடப்பட்டுள்ள எழுத்துக்களைப் படியுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 என்றிருப்பது காபரேட்டர் வாகனங்களுக்கு உரியது. ஆர்9 என்றிருப்பது உட்செலுத்தும் முறைக்கு உரியது. எழுத்து ஒன்றுமில்லாத கறுப்புக் குழாய் எதற்கு உரியது என்பதைக் கடைக்காரரும் அறியார். இந்தியாவிலே 2023ஆம் ஆண்டு முதல் நூற்றுக்கு இருபது பங்கு எதனோல் கலந்த பெற்றோல் விற்பனைக்கு வந்துள்ளது. பழைய குழாய்கள் எதனோலை முன்னறியாதவை. ஆகவே தமிழகத்தில் பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் தம் குழாய்களை அடிக்கடி வளைத்துப் பார்ப்பது நன்று. வளைக்கும்போது மெல்லிய வெடிப்புகள் தோன்றினால், அது ஒழுகும்வரை காத்திராமல் மாற்றிவிட வேண்டும். ஒரு முழக் குழாயும் நான்கு கிளிப்புகளும் வண்டியின் பெட்டியிலே இருந்தால், பித்தளைத் துண்டைத் தேடவேண்டிய அவசியமே வராது.

அந்த விரல் நீளப் பித்தளைத் துண்டை நண்பர் எமக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அது எமது மேசையிலே கடதாசிகள் பறக்காமல் பாரம் வைக்கப் பயன்படுகிறது. சில மாதங்களின் பின் மறுபடியும் வஹகோட்டைக்குச் சென்றோம். பாஸைக் கண்டு நன்றி கூறி, இரண்டாவது கீறலைப் பற்றியும் சொன்னோம். அவர் வியப்படையவில்லை.

"இருக்கும் என்று நினைத்துத்தான் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம் என்றேன், சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையிலிருந்த நீர்ப்பம்பியைத் தொடர்ந்து கழற்றலானார்.

தம் கைவேலை எங்கே முடிகிறது என்பதை அறிந்து சொல்பவரே நல்ல தொழிலாளி. நாம் "இப்போதைக்கு" என்று கட்டும் ஒவ்வொரு கட்டுக்கும், அது எதுவரை என்று சொல்லும் ஒரு கலேவெலை இருக்க வேண்டும். அன்று ஆலயத்திலே ஏற்றாமல் மிஞ்சிய மெழுகுதிரிகளை, இம்முறை எம் மகள் மறவாமல் கொண்டு வந்திருந்தாள்.